பழைய வீட்டிற் புதிய விருந்து

என் மாமாவின் அச்சகம் திருகோணமலை உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ளது. அச்சகம் என்று பெயர்ப்பலகை கூறினும் அங்கே அச்சுப்பொறி கிடையாது. எழுத்துக் கோத்துப் பக்கம் அமைத்துக் கொடுப்பதே அவர் தொழில், அச்சிடுவோர் வேறிடத்தவர். கோயில் திருவிழா விஞ்ஞாபனம், பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், பாடசாலை மலர் ஆகியனவும், எல்லாவற்றிலும் மிகுதியாக, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படுவதும் எம்மவராற் 'கல்வெட்டு' என வழங்கப்படுவதுமாகிய நினைவு மலரும் அவர் கையால் உருப்பெறுகின்றன. இத்தனைக்கும் அவரிடமுள்ள கருவி ஒரேயொரு கணினி. 2008ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட அது, இன்ரெல் நிறுவனத்தின் கோர் 2 டுவோ செயலியும் 2 கிகாபைட் நினைவகமும் கொண்டது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பணிசெயல் முறைமையும், அதன்மீது பேஜ்மேக்கர் 7 என்னும் பக்கமாக்கல் மென்பொருளும், பாமினி என்னும் எழுத்துருவும் குடியிருக்கின்றன. உப்புக்காற்றுப் பட்டுப் பெட்டியின் பின்புறத் தகடு துருவேறிவிட்டது. உள்ளே இருப்பனவற்றை மட்டும் மாமா எவரையும் தொடவிட்டதில்லை.

2022ஆம் ஆண்டில் அக்கணினிக்குள், எக்ஸ்பியினும் இருபது ஆண்டு இளையதான பணிசெயல் முறைமையொன்றைக் குடியமர்த்த வேண்டிய தேவை எனக்கு நேர்ந்தது.

அவ்வாண்டை நம் நாட்டவர் எளிதில் மறவார். மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. எரிபொருள் இன்மையால் யூன் மாதத்திற் பல்கலைக்கழகங்கள் விரிவுரைகளை இணையவழிக்கு மாற்ற, நாங்கள் விடுதியை விட்டு ஊர் திரும்பினோம். திரும்பும்போது என் கையில் இருந்தவை ஒரு கைப்பேசியும் பாதி முடிந்த ஆய்வுக் குறிப்புகளுமே. புதிய மடிக்கணினியின் விலையைக் கேட்ட என் தாயார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. யானும் இரண்டாம் முறை அதுபற்றிப் பேசவில்லை.

எனது ஆய்வேடு நினைவு மலர்களின் மொழிநடை பற்றியது. அதற்கு வேண்டிய மூலங்கள் எல்லாம் மாமாவின் அந்த ஒரு பெட்டிக்குள், பேஜ்மேக்கர் கோப்புகளாக, பாமினி எழுத்தில் இருந்தன. ஆய்வேட்டை ஒருங்குறியில் எழுதி, பல்கலைக்கழகத்தின் கற்றல் தளத்தில் ஏற்றல் வேண்டும். எக்ஸ்பியோ அத்தளத்தின் வாயிலைக்கூட அணுகவில்லை. அதற்குரிய உலாவிகளுள் குரோம் 2016இலும் பயர்பொக்ஸ் 2018இலும் புதுப்பிக்கப்படுதல் நின்றன. இன்றைய இணையத்தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்களைப் பழைய முறைமைகள் பலவற்றால் அறிந்துகொள்ள இயலாது. ஆகவே மூலம் இருக்கும் இடத்தில் எழுத வழியில்லை. எழுத வழியுள்ள முறைமையில் மூலத்தைத் திறக்க இயலாது. எக்ஸ்பியை அகற்றிவிட்டுப் புதியதை நிறுவலாமோ என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"பிள்ளை, உனக்கு வேணுமெண்டா பக்கத்திலை ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இரு. வீட்டை இடிக்கேலாது" என்றார் மாமா.

அவர் கூற்றை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் உப்புவெளிக் கரையில் இருந்த அவர் வீட்டினுள் கடல் புகுந்தபோது, அதுவரை செய்த வேலைகள் அனைத்தையும் தாங்கியிருந்த நெகிழ்தட்டுகள் ஒரு தகரப்பெட்டியோடு போயின. உயிர்ச்சேதமின்றித் தப்பியவர்கள் தட்டுகளுக்காக அழுதல் தகாது என்று அவர் அதுபற்றிப் பேசுவதில்லை. ஆயினும் தாம் கல்வெட்டு அமைத்துக் கொடுத்தோரின் முகங்கள் அத்தட்டுகளில் இருந்தன என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். சில குடும்பத்தாருக்கு அந்தப் படத்தின் வேறு பிரதி இல்லை.

பக்கத்திற் கொட்டில் போடுதல் என்று அவர் அறியாமற் சொன்னதே எனக்கு வழியாயிற்று. ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்விக்கும் கலை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையத்தில் 1960களிலேயே இதனைத் தொடங்கினர், 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் அது பொதுவில் வந்தது. 1974இற் போப்பெக், கோல்ட்பெர்க் என்னும் இருவர் எழுதிய கட்டுரை, இத்தகைய மேடைக்குரிய கடமைகளை வரையறுத்தது. உள்ளே இயங்குவது, வெறும் பொறியில் இயங்குவதுபோலவே நடந்துகொள்ளல் வேண்டும். வளங்களின் ஆட்சி மேடையின் கையிலேயே இருத்தல் வேண்டும். கட்டளைகளிற் பெரும்பாலானவை மேடையின் தலையீடின்றி நேரே செயலியில் நடைபெறல் வேண்டும். எம் மேசைக் கணினிகளின் செயலிகள் நெடுங்காலம் இவ்விதிகளுக்கு இசைந்து அமையவில்லை. வி.எம்.வெயர் நிறுவனத்தார் 1999இல் அக்குறையை மென்பொருட் சாமர்த்தியத்தாற் கடந்தனர். 2005இன் பிற்பகுதியில் இன்ரெல் நிறுவனத்தார் செயலியினுள்ளேயே அதற்கு இடம் வைத்தனர். யான் தேர்ந்த மேடை வேர்ச்சுவல்பொக்ஸ். ஜேர்மனியின் இன்னோரெக் நிறுவனம் 2007இல் இலவசமாக வெளியிட்ட இது, 2008இற் சன் நிறுவனத்திடமும் 2010இல் ஒராக்கிள் நிறுவனத்திடமும் சென்றது.

இத்துறையினர் உள்ளே இயங்கும் முறைமையை விருந்தாளி என்றும், இடங்கொடுக்கும் முறைமையை வீட்டுக்காரன் என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் வழங்குவர். தமிழ் பயில்வோர்க்கு இது சுவையான செய்தி. விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்பினுள் ஒன்றாக அதனை வைத்ததும் புதிதாகப் புனையப்படுவதைக் குறித்தே. புதிதாக வருவோனே விருந்து. உலகிற் பெரும்பாலோர் இக்கலையைப் பயன்படுத்துவது புதிய வீட்டிற் பழைய முறைமையொன்றைப் பேணுவதற்காக. யான் செய்யப் புகுந்தது அதற்கு மறுதலை. சொல்லின்படி பார்த்தால் அதுவே முறையான விருந்து என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மேடையிலும் எனக்குத் தெரிவு அதிகம் இருக்கவில்லை. வேர்ச்சுவல்பொக்ஸ் 5.0 முதலாக எக்ஸ்பியின்மீது அமராது. எனவே 2013இல் வெளிவந்த 4.3 வரிசையே எனக்கு எட்டிய எல்லை. விருந்தாளியாக யான் அழைத்தது, 2021 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 11 என்னும் லினக்ஸ் முறைமை. மேடைக்கும் விருந்துக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டு. இந்த மேடை எழுதப்பட்டபோது இந்த விருந்து கருவிலும் இல்லை.

அயல்வீட்டார் ஒருவரின் இணைப்பில், இரவில் இறக்கிய அக்கோப்பை முதன்முதல் இயக்கியபோது, கரிய திரையில் ஒரேயொரு வசனம் தோன்றி நின்றது. தனக்கு 64 இருமச் செயலி தேவை, இங்கே காணப்படுவதோ 32 இருமச் செயலி என்பது அதன் கருத்து. செயலியின் பெயரை மீண்டும் மீண்டும் பார்த்தேன். அது 64 இருமச் செயலிதான், ஐயமில்லை. பின் ஏன் இவ்வாறு? விடை காண இரண்டு நாள் சென்றது. புதிதாக விழித்தெழும் பணிசெயல் முறைமை முதலிற் செய்யும் காரியங்களுள் ஒன்று, 'நீ யார், உனக்கு என்னென்ன தெரியும்' என்று செயலியை வினாவுதல். மெய்நிகர்ப் பொறிக்குள் அவ்வினாவுக்கு விடை சொல்வது செயலியன்று, மேடையே. மேடை எதைச் சொல்லுகிறதோ அதுவே விருந்தாளிக்கு உலகம். மேடை தன் பங்குக்கு, செயலியிலுள்ள மெய்நிகராக்க வசதி திறந்திருந்தாலன்றி 64 இரும விருந்துக்கு இடங்கொடாது. அவ்வசதி எம் கணினியிற் பயாஸ் என்னும் அடிநிலை அமைப்பில் மூடப்பட்டிருந்தது. வாங்கிய நாள் முதல் மூடியே இருந்தது. அந்தச் சிலிக்கன் துண்டு பதினான்கு ஆண்டுகளாகத் தனக்குத் தெரிந்த ஒன்றை எவரும் கேளாமையாற் சொல்லாதிருந்தது.

பழைய மேடைகளிற் புதிய முறைமைகள் தடுக்கி விழும் இடங்களைப் பின்னர் தேடிப் படித்தபோது, இதே கதை வெவ்வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். 2013இல் விண்டோஸ் 8.1இன் 64 இருமப் பதிப்பு வெளிவந்தபோது, அக்கால வேர்ச்சுவல்பொக்ஸினுள் அது நிறுவப்பட மறுத்தது. பதினாறு பைட்டுகளை ஒரே மூச்சில் ஒப்பிட்டு மாற்றும் ஒரு கட்டளை அதற்கு இன்றியமையாதது. செயலிகளில் அக்கட்டளை இருந்தது. மேடை அதனை விருந்தாளிக்குச் சொல்லாது மறைத்தது. ஒரேயொரு வரியால் மேடையின் அமைப்பைத் திருத்தியவுடன் அதே கணினியில் அதே முறைமை எழுந்து இயங்கியது. 2022இல் வெளிவந்த ரெட் ஹட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9, தனக்கு முந்திய பதிப்புக் கோராத சில கட்டளைகளைச் செயலியிடம் எதிர்பார்த்தது. மெய்நிகராக்க மேடைகள் சில, எல்லாச் செயலிக்கும் பொதுவான ஓர் எளிய முகமூடியை இட்டு விருந்துக்குக் காட்டுவது வழக்கம். அம்முகமூடியில் அக்கட்டளைகள் இல்லாமையால், போதிய வலுவுள்ள பொறிகளின் மீதும் அம்முறைமை முதலடியிலேயே வீழ்ந்தது. பழையது என்று நாம் பழிப்பது பெரும்பாலும் இரும்பையன்று. இரும்பின் சார்பிற் பேச வந்தவனின் பழைய சொல்லையே என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதற்கு எல்லையும் உண்டு. உண்மையாகவே செயலியில் இல்லாத ஒன்றை எந்த அமைப்பு வரியாலும் வரவழைத்தல் அரிது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லுக்கு ஈடானதை வேர்ச்சுவல்பொக்ஸ் 2022இல் வந்த 7.0 பதிப்பிலேதான் பாவனை செய்யக் கற்றது, எனது 4.3இடம் அதனைக் கேட்பது வீண்.

அந்நாட்களிற் பெற்றோல் வரிசையில் மாமாவின் மோட்டார்ச் சைக்கிளோடு நிற்பது என் பொறுப்பு. விரிகுடாவுக்கு அப்பால், சீனன்குடாவின் காட்டினுள், பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்களின் தாக்குதலையும் கண்டவை அவை. அவற்றுட் சில இன்றும் எண்ணெய் தாங்குகின்றன. பலவற்றுள் மரம் முளைத்திருக்கிறது. 2022 சனவரியிலேதான் அவற்றைப் புதுப்பித்தற்கு இந்தியத் தரப்போடு உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. வரிசையில் நின்ற முதியவர் ஒருவர், தாங்கி பழையதென்று எண்ணெய் கோபித்துக்கொள்வதில்லை, குழாய்தான் வேண்டும் என்றார். அவர் சொன்னது அரசியல். எனக்கோ வீட்டிலுள்ள பெட்டியின் நினைவு.

பயாஸைத் திறப்பதற்கு மாமா ஒரு நிபந்தனை விதித்தார். அவருடைய கோப்புகள் அனைத்தும் முதலில் இரண்டு வெவ்வேறு தட்டுகளிற் பிரதி செய்யப்பட்டு, ஒன்று எம் வீட்டிலும் மற்றொன்று கடற்கரைக்குத் தொலைவிலுள்ள பெரியம்மா வீட்டிலும் வைக்கப்படல் வேண்டும். மின்சாரம் இருந்த இடைவேளைகளில் இதற்கே நான்கு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள், அவர் அருகில் நிற்க, நீலத்திரையில் ஒரு வரியை மூடியது என்பதிலிருந்து திறந்தது என்பதற்கு மாற்றினேன். எக்ஸ்பி வழமைபோல எழுந்தது. அவர் பேஜ்மேக்கரைத் திறந்து, ஒரு கல்வெட்டின் முதற் பக்கத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே வெற்றிலைத் தட்டை எடுத்தார். அன்று மாலை டெபியன் எழுந்து நின்றது.

வெற்றியின் மிதப்பில் யான் செய்த பிழையை இங்கே மறைத்தல் முறையன்று. 2 கிகாபைட் நினைவகத்திற் பெரும்பங்கை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு கூறினை, விருந்தாளிக்கு எழுதிக்கொடுத்தேன். உலாவி விரைவாக இயங்கல் வேண்டும் என்பது என் அவா. ஆனால் மெய்நிகர்ப் பொறிக்கென ஒதுக்கிய நினைவகம், அது பயன்படுத்தினும் பயன்படுத்தாவிடினும், இயங்கும்வரை வீட்டுக்காரனுக்குத் திரும்பக் கிடையாது. ஒரு வியாழன் இரவு, விருந்தாளியைத் திரையின் கீழே ஒடுக்கி வைத்துவிட்டு, நிறுத்தாமல் உறங்கச் சென்றேன். துறைமுகத்தில் நெடுங்காலம் பணிசெய்து மறைந்த ஒருவரின் கல்வெட்டை மாமா அவ்விரவு முடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை முப்பத்தோராம் நாள். நினைவகம் போதாத எக்ஸ்பி வன்தட்டை இடையறாது சுரண்டத் தொடங்கி, ஈற்றிற் பேஜ்மேக்கர் உறைந்தது. சேமிக்கப்படாத எட்டுப் பக்கங்கள் போயின.

அவர் என்னை எழுப்பவில்லை. விடியுமுன் மின்வெட்டு வருமென அறிந்து, இருந்த நேரத்துள் அத்தனையும் மீண்டும் தட்டச்சு செய்தார். காலையில் மெய்ப்புப் பார்க்க வந்த மகள், பேரப்பிள்ளைகளின் பெயர் வரிசையில் விரலை வைத்துக்கொண்டு, "சின்னவளின்ர பேரைக் காணேல்லை" என்றார். முதல் அமைப்பில் அப்பெயர் இருந்தது. இரவில் மறுபடி அடித்ததில் விடுபட்டது. அச்சுக்குப் போகுமுன் கண்டுபிடிக்கப்பட்டமையால் தப்பியது. கல்வெட்டில் ஒரு பெயர் விடுபடுதல் என்பது எம்மூரில் தலைமுறைக்கும் நீளும் மனத்தாங்கல். அந்த அம்மா போன பின்னர் மாமா என்னை நோக்கிக் கேட்டது ஒன்றே: "விருந்தாளி வந்தா வீட்டுக்காரன் பட்டினி கிடக்கிறதோ?"

அன்றே விருந்தாளியின் பங்கை 768 மெகாபைட்டாகக் குறைத்து, அலங்காரம் மிக்க திரைச்சூழலை நீக்கி, எளிய எல்.எக்ஸ்.டி.இ. சூழலை அமைத்தேன். அவர் வேலை செய்யும் நேரம் என் பொறி நிறுத்தப்படும் என்று ஒரு நியதியும் செய்துகொண்டேன். காணொளி விரிவுரைகளை அதிற் பார்க்கும் ஆசையையும் கைவிட்டேன். அவற்றிற்குக் கைப்பேசியே கதி. எழுதுவதற்கும் கற்றல் தளத்தை அடைவதற்கும் அது போதியதாயிற்று.

வீட்டுக்காரனும் விருந்தாளியும் ஒருவரோடொருவர் பேசவைப்பது அடுத்த சிக்கல். இருவருக்கும் இடையே கோப்புகளைக் கைமாற்ற, மேடை ஒரு துணைத் தொகுதியைத் தருவது வழக்கம். அது விருந்தாளியின் கருவோடு ஒட்டிக்கொள்ளுமாறு தொகுக்கப்படுவது. லினக்ஸின் கருவோ பதிப்புக்குப் பதிப்புத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்வது. 2021இன் கருவை 2016உடன் முடிந்துபோன ஒரு வரிசையின் துணைத் தொகுதி அறியாதிருப்பது எவர் குற்றமும் அன்று. எனவே எக்ஸ்பி தன் கோப்புறைகளை வலையமைப்பிற் பகிரும் பழைய முறையை நாடினேன். அம்முறையின் முதலாம் பதிப்பையே எக்ஸ்பி பேசும்; லினக்ஸ் 2017 முதல் அதனைக் கேட்டாலன்றிப் பேசுவதில்லை. அவ்வாண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய வன்னாகிரை என்னும் பணயத்தீம்பொருள் நுழைந்த வாயில் அதுவே. கதவைத் திறக்குமுன் மனம் சற்றுத் தயங்கியது. பெட்டிக்குள்ளேயே இருவருக்கும் இடையில் மட்டும் திறக்குமாறு அமைத்தேன்; எக்ஸ்பியிலிருந்து இணையத்தை நேரே நாடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். இதனால் ஆபத்து முற்றும் நீங்கிற்று என்று சொல்லத் துணியேன். 2015இல் வெளிப்பட்ட வெனம் என்னும் வழுவைப் பற்றி வாசித்தபோது ஒரு வினோதம் கண்டேன். மெய்நிகர்ப் பொறிக்குள் இருந்துகொண்டு வீட்டைக் கைப்பற்ற வழிவிட்ட அவ்வழு, மேடைகள் பலவற்றில், எவரும் தேடாத நெகிழ்தட்டுப் பாவனைக்குள் 2004 முதல் ஒளிந்திருந்தது. யான் நிறுவிய பதிப்பு அத்திருத்தத்திற்குப் பிந்தியது. மாமாவிடம் நெகிழ்தட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்கிய பின்னரே, எனக்கு முன்பே இப்பெட்டியில் ஒரு விருந்து குடியிருப்பதை உணர்ந்தேன். பாமினிக் கோப்பில் உள்ளவை தமிழ் எழுத்துகள் அல்ல, ஆங்கில எழுத்துகள். 'எம்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தின் இருக்கையில் அகரமும், 'கே'யின் இருக்கையில் மகரமும், அரைப்புள்ளியின் இருக்கையில் மெய்யின் புள்ளியும் அமர்ந்திருக்கின்றன. கணினி தான் ஆங்கிலம் எழுதுவதாக நம்புகிறது. எழுத்துரு தமிழைக் காட்டுகிறது. தமிழுக்கென இடம் வகுக்காத பழைய மேடையொன்றில், மேடைக்குத் தெரியாமல் எம்மொழி நெடுங்காலம் விருந்திருந்து, ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளையும் அழைப்பிதழ்களையும் ஆக்கிவிட்டது. 1991இன் ஒருங்குறியில் 128 இடங்கள் தமிழுக்கெனக் கிடைத்தன. அதற்குப் பின்னும் எம் அச்சகங்கள் பல பாமினியை விடவில்லை. அவர்கள் கண்முன்னே அது பிழையின்றி வேலை செய்தது.

மாற்றுதலில் இரண்டு இடர்ப்பாடு. ஒன்று, 'கொ' போன்ற எழுத்துகளிற் பாமினி கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படி கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் வைக்கும். ஒருங்குறி ஒலிக்கும் வரிசைப்படி ககரத்தை முதலில் வைக்கும். இதனை ஒரு சிறு நிரலால் தீர்த்துவிடலாம். மற்றையது நிரலாற் தீராதது. கல்வெட்டுகளில் இடையிடையே ஆங்கிலத்தில் முகவரியும் பட்டமும் வரும். எழுத்துருச் செய்தி நீங்கிய வெறும் உரையில் எது மெய்யான ஆங்கிலம், எது ஆங்கில வேடமிட்ட தமிழ் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. என் நிரல் டொக்யார்ட் வீதியை வாயில் நுழையாத ஒரு தமிழாக்கித் தந்தது. கனடாவிலுள்ள மகனின் முகவரி, மருத்துவர் ஒருவரின் பட்டம், எல்லாம் அவ்வாறே.

இதற்கு மாமாவின் கண்ணே வேண்டியதாயிற்று. இரவில், வேலை முடிந்த பின், அவர் எக்ஸ்பியின் பக்கத்தைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு என் அருகில் அமர்வார். யான் விருந்தாளியின் திரையில் வரிவரியாகப் படிப்பேன். ஆங்கிலம் வருமிடத்தில் மேசையில் ஒருமுறை தட்டுவார். நாற்பதுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளை அவ்வாறு கடந்தோம். சில பெயர்களில் அவர் தட்டமாட்டார்; சற்று நின்று, அந்த மனிதரைப் பற்றி ஏதேனும் சொல்வார். ஆய்வேட்டில் அவற்றைச் சேர்க்க இயலவில்லை.

மின்வெட்டு இடையறாது வந்துகொண்டிருந்தது. எம்மிடமிருந்த யூ.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். மெய்நிகர்ப் பொறியில் 'நிலையைச் சேமித்தல்' என்று ஒரு வசதி உண்டு. நினைவகத்தில் உள்ளதை உள்ளவாறே வன்தட்டில் எழுதிவிட்டுப் பொறி உறங்கும். மின்சாரம் வந்தபின் எழுப்பினால், பாதி அடித்த சொல்லின் முன்னே சுட்டி அப்படியே துடித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்பியிற் பேஜ்மேக்கரை முறையாகச் சேமித்து மூடுவதற்கு அவர் பதறும் நேரத்தில், யான் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அவருக்கு டோர்ச் பிடிப்பேன். விருந்தாளிக்கு வாய்த்திருந்த இவ்வசதியை அவர் கவனித்திருக்கிறார் என்பது பின்னரே தெரிந்தது.

ஆய்வேடு உரிய நாளில் ஏற்றப்பட்டது. அதன் பின்னும் அந்தக் கொட்டிலை யான் பிரிக்கவில்லை. டெபியன் 11க்கான நீண்டகால ஆதரவை அதனை ஆக்குவோர் 2026 ஓகஸ்டுவரை என வரையறுத்துள்ளனர். அதற்கடுத்த விருந்தாளியை இந்த மேடை ஏற்குமோ என்பதை அப்போது பார்க்கவேண்டும். சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஒரு நாள் பிற்பகல், அச்சகத்தில் வேலை எதுவும் இல்லாத நேரம், மாமா தாமாகவே விருந்தாளியைத் திறக்கச் சொன்னார். தட்டச்சுப் பொறியின் வழியில் வந்த ரெங்கநாதன் விசைப்பலகையை அதில் அமைத்துக் கொடுத்தேன். இரண்டு விரலைத் தயங்கித் தயங்கி வைத்து, உப்புவெளியிற் போன தகரப்பெட்டியில் இருந்தவற்றுள் ஒரு கல்வெட்டின் முதல் வரியை, நினைவிலிருந்து அடித்தார். ஓர் எழுத்தைத் திருத்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இது கரண்ட் போனாலும் இருக்குமோ?" என்று கேட்டார்.

யான் நிலையைச் சேமிக்கும் பொத்தான் இருக்கும் இடத்தைக் காட்டினேன்.